பழம்பொருள் சேகரிப்போர் சங்கம், திருகோணமலை: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் அங்கத்தவர்களே, வருவதாகச் சொல்லிவிட்டு வராதிருக்கும் அங்கத்தவர்களே,

பதிவேட்டில் 41 பேர் இருக்கிறோம். கடந்த பொதுக்கூட்டத்தில் ஒப்பமிட்டவர்கள் 13 பேர். அதிலும் ஒருவர் மண்டபத் திறப்பு வைத்திருக்கும் தம்பி. தேநீர் குடித்த மரியாதைக்கு ஒப்பமிட்டார். யாப்பின்படி 15 பேர் இல்லாமல் பொதுக்கூட்டம் செல்லாது என்பதை அன்று யாரும் கிளப்பவில்லை. நானும் கிளப்பவில்லை. இப்போது எழுதி வைக்கிறேன், இருக்கட்டும்.

மாதாந்தக் கூட்டங்கள் ஏழு நடந்தன. செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல் என்று மண்டபம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. தைப்பொங்கல் ஒன்றுகூடல் நடைபெற்றது. ஒல்லாந்தக் கம்பனியின் செப்புக்காசுகள் பற்றி உவர்மலை ஆசிரியர் ஒருவர் உரையாற்றினார், பயனுள்ளதாக இருந்தது. பிரெட்ரிக் கோட்டைச் சுற்றுலாவில் அங்குள்ள மான்கள் எங்கள் சாப்பாட்டுப் பார்சல் இரண்டை முடித்தன, மற்றபடி குறையில்லை. முத்திரைக் கண்காட்சி மழையால் ஒத்திவைக்கப்பட்டது. பிறகு அதைப் பற்றி யாரும் கேட்கவுமில்லை.

இனி, இவ்வாண்டு என்னைப் பற்றி அதிகம் பேசப்பட்ட விடயத்துக்கு வருகிறேன். பழைய ஒற்றைவேட்டு வேட்டைத் துவக்குகளைப் பார்த்து, மதிப்பிட்டு, விபரம் பதியும் வேலை. 'செயலாளர் எங்களைத் துவக்குச் சங்கம் ஆக்கிவிட்டார்' என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. எழுதியவரே சற்று நேரத்தில் அழித்துவிட்டார். அதற்குள் நான் வாசித்துவிட்டேன்.

துவக்கு என்றால் எங்கள் ஊரில் ஒரு தலைமுறைக்கே வயிறு கலங்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. என் தகப்பனாரின் ஒற்றைக்குழல், எண்பதுகளில் ஓர் இரவு கேட்டு வந்தவர்களோடு போனது. இன்றுவரை பற்றுச்சீட்டு இல்லை. அதனால்தான் இந்த வேலையைத் தொடங்கும்போதே செயற்குழுவில் நிபந்தனைகளை எழுத்தில் வைத்தேன். அனுமதிப்பத்திரம் கையில் உள்ள துவக்கை மட்டுமே பார்ப்போம். அதுவும் உரியவர் வீட்டில், உரியவர் கையில் இருக்கும்போது. தோட்டா அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. சங்கம் எதையும் வாங்காது, விற்காது, ஒரு நாள் கூட வைத்திருக்காது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் நூறாண்டு கடந்தும் நடைமுறையில் உள்ளது. பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். தகப்பன் கண் மூடினால் துவக்கோடு சேர்ந்து பத்திரமும் பிள்ளைக்குத் தானாக வந்துவிடாது. இதைச் சொன்னபோது முகம் வெளிறிய இரண்டு குடும்பங்களைக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) அனுப்பி வைத்தேன். இதற்கு யாரும் நன்றி சொல்லவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை.

ஆண்டில் ஒன்பது துவக்குகள் பார்த்தேன். அவற்றில் தம்பலகாமத்தில் பார்த்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

வயற்கரை வீடு. ஆச்சி ஒருவர் பழைய சாரத்தில் சுற்றியிருந்ததை மகனிடம் கொடுத்து அவிழ்க்கச் சொன்னார். அவிழ்க்கும்போதே சிக்குப் பிடித்த தேங்காயெண்ணெய் மணம். மார்ட்டினி ஹென்றி, பிரித்தானியப் படையின் பழைய ஒற்றைவேட்டு ரைபிள். விசைக்குக் கீழே உள்ள நெம்பைத் தாழ்த்தினால் உள்ளே இருக்கும் இரும்புக் கட்டை முன்பக்கம் சரிந்து தோட்டா அறை திறக்க வேண்டும். இது பாதியில் நின்றது. எண்ணெய் பிசினாக இறுகியிருந்தது. மகன் மண்ணெண்ணெய் தொட்டு இரண்டு மூன்று முறை அசைத்த பிறகு 'டக்' என்று விழுந்தது. திறந்த வாயில் ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடித்து, அதில் வெளிச்சம் படவிட்டு, மறுமுனையால் குழலுக்குள் பார்த்தேன். ஹென்றியின் குழல் என்றால் ஏழு வெட்டுப் புரி (குண்டைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளங்கள்) சுழன்று போகவேண்டும், 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இங்கே புரியே இல்லை. குழாய்க் கிணறு மாதிரி நேரே போகிறது. நாடாவால் அளந்தோம். 33 அங்குலத்துக்குச் சற்று மேல் இருக்கவேண்டிய குழல் 26 அங்குலம். யாரோ ஒரு காலத்தில் நுனியை வெட்டி, புரியைக் குடைந்தெடுத்து, சன்னம் போட்டுப் பன்றி விரட்டும் துவக்காக்கியிருக்கிறார்கள். பத்திரத்தில் இன்னும் 'ரைபிள்' என்றுதான் இருக்கிறது.

ஆச்சிக்கு அதெல்லாம் பெரிதில்லை. 'இது பேக்கர் துரை யானை சுட்ட துவக்கு, தம்பி. எங்கட அப்புவுக்கு அவர் கையாலேயே குடுத்தது' என்றார். பேக்கர் துரை, அதாவது யானை வேட்டைக்குப் பேர்போன ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர், நுவரெலியாவில் 1848இல் குடியேறி 1855இல் இலங்கையை விட்டே போய்விட்டார். அவர் இங்கே பிடித்ததெல்லாம் குழல் வாயால் மருந்து கெட்டிக்கும் துவக்குகள். மார்ட்டினி ஹென்றியைப் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்டது 1871இல். துவக்கின் வலப்பக்கத்தில் முடிச் சின்னம், அதன் கீழ் விக்டோரியா மகாராணியாரைக் குறிக்கும் வீ.ஆர்., அதன் கீழ் செய்த ஆலையின் பெயர் என்ஃபீல்ட், 1874. நான் கணக்கை விளக்கிச் சொன்னேன். ஆச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'அது கிடக்கட்டும், விலையைச் சொல்லு' என்றார்.

அங்கத்தவர்களுக்கும் பொதுவாகச் சொல்லிவைக்கிறேன்: லண்டன் ஏலத்தில் போன விலையை இணையத்தில் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்க வேண்டாம். இங்கே ஒரு துவக்கின் பெறுமதி, அதை வாங்க அனுமதி பெறக்கூடிய ஆள் கொடுக்கக்கூடிய தொகைதான். அப்படிப்பட்ட ஆட்களை விரல் விட்டு எண்ணலாம். அதன் பிறகுதான் மற்றவை: பாகங்களின் இலக்கங்கள் ஒன்றோடொன்று ஒத்துப் போகின்றனவா, குழல் வெட்டுப்பட்டிருக்கிறதா, மரச் சோங்கு (தோளில் அணைக்கும் கட்டை) பழையதா, பிறகு போட்டதா, குழல் வெடியைத் தாங்கும் என்று சோதித்துக் குத்திய சோதனை முத்திரை தெளிவாக உள்ளதா என்பவை. பர்மிங்ஹாம் சோதனைச்சாலை 1813இலிருந்து இருக்கிறது. அதன் பழைய முத்திரை, குறுக்கே வைத்த இரண்டு செங்கோல், மேலே முடி. 1904க்குப் பிந்திய குழலில் முடிக்குக் கீழே என்.பி. என்ற எழுத்து இருந்தால் புகையில்லா மருந்துக்குச் சோதித்தது என்று பொருள். அதுவோ நைட்ரோ என்ற சொல்லோ இல்லையென்றால் அதைக் கரிமருந்துக் குழல் என்றே கொள்ள வேண்டும். பன்னிரண்டு போர்தானே, கடைத் தோட்டா நுழைகிறதே என்று போட்டுச் சுட்டால், அதிலுள்ள புகையில்லா மருந்தின் வேகம் தாங்காமல் முகத்துக்கு முன்னால் வெடிக்கலாம். (போர் என்பது இங்கே சண்டையல்ல. ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் அதில் ஒன்று நுழையும் வாய் பன்னிரண்டு போர். நாலு போர் என்றால் ஓர் உருண்டை நாலு அவுன்ஸ். அதைத் தோளில் வைத்துச் சுட்டவர்களின் தோளை நினைத்துப் பார்க்கலாம்.)

இன்னொன்று, கைகூப்பிக் கேட்கிறேன். மதிப்பிட ஆள் வருகிறார் என்றவுடன் துவக்கைத் துலக்காதீர்கள். சீனக்குடாப் பக்கம் ஒரு வீட்டில் நான் வரப்போகிறேன் என்று முதல் நாள் எமரிக் கடதாசி போட்டு வெள்ளிக் கிண்ணம் மாதிரி தேய்த்து வைத்திருந்தார்கள். நூற்றைம்பது வருடக் கறுப்பும் துவக்கைச் செய்தவர் பெயரும் அரைநாளில் போய்விட்டது. கடைசியில் வாசிக்க முடிந்தது ஒரே ஒரு எழுத்து. பெயருக்குக் கீழே கடை முகவரி இருந்திருந்தால், அந்தக் கடை எந்த ஆண்டில் எந்தத் தெருவில் இருந்தது என்பதை வைத்தே காலத்தைக் குறுக்கியிருப்பேன். எங்கள் உப்புக் காற்று ஐம்பது வருடத்தில் செய்யாததை அந்தக் கடதாசி செய்துவிட்டது.

அடுத்து, சந்தா. 41 பேரில் 19 பேர் இவ்வாண்டுக்கானதைச் செலுத்தியிருக்கிறார்கள். ஆறு பேர் மூன்று வருடமாக நிலுவை. பெயர் வாசிப்பது எங்கள் வழக்கமல்ல. ஆனால் ஒரு நிலுவையின் காரணத்தை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது என் தலையில்தான் போடப்படுகிறது. மூத்த அங்கத்தவர் ஒருவர், மாமனார் கப்பலில் வேலை செய்த காலத்தில் கராச்சியிலிருந்து கொண்டுவந்த மார்ட்டினியை என்னைப் பார்க்கச் சொன்னார். பத்திரம் சரி, துவக்கு பார்வைக்கு அழகு. முத்திரையில் முடி, வீ.ஆர்., அதன் கீழ் 1907. விக்டோரியா மகாராணியார் காலமானது 1901 ஜனவரியில். என்ஃபீல்ட் என்பதில் உள்ள ஆங்கில எழுத்து ஒன்று கண்ணாடியில் பார்த்தது போல் மறுபக்கம் திரும்பியிருந்தது. கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் அரத்தால் ராவிச் செய்யும் கைவேலை அது. அதுவும் ஒரு சேகரிப்புப் பொருள்தான், வைத்திருப்பதில் வெட்கமில்லை என்று எவ்வளவோ சொன்னேன். அவர் கேட்ட கேள்விக்கு நான் வேறு என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? அன்றிலிருந்து கூட்டத்துக்கும் இல்லை, சந்தாவும் இல்லை. கடைத்தெருவில் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறுகிறார்.

நவம்பரில், தற்பாதுகாப்புக்கென்று வழங்கிய துவக்குகளை மீள ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு அறிவித்தபோது, பயிர்ப் பாதுகாப்புப் பத்திரக்காரர்கள் உட்பட எல்லோரும் எனக்குத்தான் அழைத்தார்கள். இரவு பத்து மணிக்கும் அழைப்பு. அறிவித்தலில் உள்ளதை வாசித்துக் காட்டி, மிச்சத்தைப் பொலிஸில் கேளுங்கள் என்றேன். அழைத்தவர்களில் அங்கத்தவர் எத்தனை பேர் என்று குறித்து வைத்திருக்கிறேன். நால்வர்.

கணக்கு விபரத்தைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறத்தாழ நெருங்கி நிற்கின்றன. கையிருப்பு போன ஆண்டை விடச் சிறிது குறைவு. கணக்காய்வாளர் சுகயீனமுற்றிருந்ததால் பரிசோதனை முடியவில்லை. போக்குவரத்து என்ற தலைப்பின் கீழுள்ள தொகையைப் பற்றிச் சிலருக்குக் கேள்வி இருக்கலாம். தம்பலகாமத்துக்கும் மூதூருக்கும் போன பெற்றோலில் பாதிக்குமேல் நான் சங்கத்திடம் கேட்கவே இல்லை.

மண்டபம் தந்த நிர்வாகத்துக்கும், தேநீருக்குப் பொறுப்பாக நின்ற குடும்பத்தாருக்கும், பதாகையைப் பாதி விலைக்கு அடித்துத் தந்த அச்சகத்தாருக்கும், தலைவர் ஐயாவின் வழிகாட்டலுக்கும் நன்றி. இவ்வாண்டு எம்மைவிட்டுப் பிரிந்த இரு அங்கத்தவர்களுக்கு அஞ்சலி.

அடுத்த ஆண்டைப் பற்றி. ஒன்பது துவக்கின் படமும் அளவும் முத்திரை வரைபடமும் ஒரு கொப்பியில் இருக்கின்றன. கொப்பி என் அலுமாரியில் இருக்கிறது. கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் இன்னும் நாலைந்து வீடுகள் வரச்சொல்லியிருக்கின்றன. முத்திரை பார்க்க நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று தேவை. இப்போது பாவிப்பது என் மகளின் பள்ளிக்கூடப் பெட்டியில் இருந்தது. குழலுக்குள் விட்டுப் பார்க்கும் சிறு விளக்கு ஒன்றும் இருந்தால் வெள்ளைக் கடதாசி வித்தை தேவைப்படாது. இரண்டுக்குமான தொகை, நிலுவைக்காரர் ஆறு பேரில் இருவர் மனம் வைத்தாலே தேறும். செயலாளர் பதவிக்கு வேறு யாராவது முன்வந்தால் கொப்பியை அப்படியே கையளிக்க ஆயத்தமாக இருக்கிறேன். கையெழுத்து மட்டும் கொஞ்சம் சிரமம். வாசித்துக் காட்ட நான் வரவேண்டியிருக்கும்.

பற்றுச்சீட்டுப் புத்தகம் தேநீர் மேசையில், பொருளாளருக்கு இடப்பக்கம் இருக்கிறது. வடையை எடுக்கும்போது கண்ணில் படும் தூரத்தில்தான் வைத்திருக்கிறோம். 1907 மார்ட்டினிக்காரருக்கு மட்டும் ஒரு வார்த்தை: அண்ணை, முன்வரிசையில் உங்கள் கதிரை காலியாகத்தான் இருக்கிறது. துவக்கைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன்.

இங்ஙனம்,
செயலாளர்