பதினாறு பேர் போகும் கப்பல்

கீட்டோ, ஈக்வடார்,
12 செப்டம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் தம்பியும் சுகம்தானே? கலாபகோஸ் தீவுகளுக்குப் போய்வந்த கதையை உங்களிடம் போனில் ஆரம்பித்தேன். பாதியில் அம்மா போனை வாங்கி, "ஏட்டி, கப்பல்ல சோறு போட்டாவளா?" என்று கேட்டாள், அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். எங்கள் ஆபீஸிலிருந்து ஒருவர் அடுத்த வாரம் மும்பை வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

சோறு போட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். தினமும் மீன், சோறு, மெனெஸ்த்ரா என்று கெட்டியாக ஒரு பயறுக் குழம்பு. வாழைக்காயைத் தட்டிப் பொரித்து வைப்பார்கள், நான் தட்டு தட்டாகச் சாப்பிட்டேன். உறைப்புதான் போதாது. அதற்கு நீங்கள் மாட்டுங்காவில் வாங்கி அனுப்பிய பருப்புப்பொடி இருந்தது. அது கப்பல் வரை போய்ச் சேர்ந்ததே பெரிய கதை. கீட்டோ விமான நிலையத்தில், கலாபகோஸ் போகிறவர்களின் பெட்டிகளை மட்டும் தனியாகச் சோதிக்கிறார்கள். பழம், விதை, மண் ஒட்டிய செருப்பு, எதுவும் போகக்கூடாது. சோதித்த பெண் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாள், பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டாள், அவனும் மோந்து பார்த்தான். "வறுத்து அரைத்தது, முளைக்காது" என்று எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டு, மூடிக் கொடுத்தார்கள்.

அந்தத் தீவுகள் ஈக்வடாருக்குச் சொந்தம், ஆனால் கரையிலிருந்து மேற்கே சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடலில் கிடக்கின்றன. எல்லாமே எரிமலை எழுப்பிய தீவுகள். நிலத்தில் 97 சதவீதம் தேசியப் பூங்கா, மனிதர்களுக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். வெளிநாட்டுக்காரர் உள்ளே நுழையவே 200 டாலர் கட்டவேண்டும், எனக்கு இந்த ஊர்க் குடியிருப்பு அட்டை இருப்பதால் அதைவிட மிகக் குறைவு. கப்பல் டிக்கெட்டும் கடைசி நேரத்தில் காலியாக இருந்த இடம், பாதி விலைக்கும் கீழே கிடைத்தது. இல்லாவிட்டால் என் சம்பளத்துக்கு அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

சரி, கப்பலுக்கு வருகிறேன். முப்பது மீட்டர் நீளம் இருக்கும். பயணிகள் பதினாறு பேர்தான், ஏனென்றால் பதினாறு பேருக்கு ஒரு வழிகாட்டி என்பது பூங்காவின் சட்டம். எவ்வளவு பெரிய கப்பலானாலும் நூறு பயணிகளுக்கு மேல் அங்கே அனுமதி இல்லை. எங்கள் எஞ்சின்காரர் ஈக்வடாரின் குயாக்கில் நகரத்தில் பிறந்தவர். அப்பா மும்பையில் இந்திரா டாக்கில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர் என்று பேச்சுவாக்கில் சொன்னேன், உடனே கையோடு கீழே கூட்டிப்போய்விட்டார். இரண்டு டீசல் எஞ்சின், இரண்டு ஜெனரேட்டர், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்க ஒரு பிளான்ட். சூடும் சத்தமும் தாங்கவில்லை, ஆனால் தரையில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. அவர் பின்பாக்கெட்டில் எண்ணெய் துடைக்கும் பனியன் வேஸ்ட் துணி துருத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வால்வையும் தொட்டுக் காட்டிவிட்டு அதை எடுத்துத் துடைத்துக்கொண்டே வந்தார். பம்பின் தண்டைச் சுற்றி அடைக்கும் கிளாண்டில் எவ்வளவு சொட்டு விழலாம் என்று உங்களைக் கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன், பதில் எழுதுங்கள்.

நீங்கள் கப்பலில் ஏறாத நாள் இல்லை, ஆனால் கப்பலில் ஒரு நாளும் எங்கேயும் போனதில்லை. எலிஃபென்டா தீவுக்குப் போகும் லாஞ்சைக் கணக்கில் எடுக்கவேண்டாம். அதனால்தான் இதையெல்லாம் விவரமாக எழுதுகிறேன். அடுத்த வருஷம் நீங்கள் இங்கே வரவேண்டும்.

அசௌகரியத்தையும் மறைக்கவில்லை. கப்பல் ராத்திரியில்தான் ஓடும், விடிந்தால் ஏதாவது ஒரு தீவில் நங்கூரம். இந்த மாதங்களில் தெற்கிலிருந்து வரும் அலை பெரிது, படுக்கையில் உருண்டுகொண்டே இருந்தேன். தண்ணீர் பாட்டில் கேபினின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தது. அவோமின் மாத்திரை எனக்குக் கைகொடுத்தது. என்னோடு அறையில் இருந்த சுவிட்சர்லாந்து அம்மா, ரிட்டயர் ஆன டீச்சர், ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தார். காலை ஆறு மணிக்குப் பார்த்தால் லைஃப் ஜாக்கெட் மாட்டி, கரைக்குப் போகும் ரப்பர் படகுக்கு முதல் ஆளாக நிற்கிறார்!

கரையில் இருக்க காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைதான் அனுமதி. விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்கவேண்டும், பாதையை விட்டு இறங்கக்கூடாது, ஃபிளாஷ் போடக்கூடாது. கப்பல் எந்த நாள் எந்தத் தீவுக்குப் போகவேண்டும் என்பதைக்கூட பூங்காதான் எழுதிக் கொடுக்கிறது, ஒரே இடத்துக்கு இரண்டு வாரத்துக்குள் திரும்பிப் போக முடியாது. முதலில் எனக்கு இது ஸ்கூல் டூர் மாதிரி எரிச்சலாக இருந்தது. ஃபெர்னான்டினா தீவில் இறங்கியதும் எரிச்சல் போய்விட்டது.

அங்கே கறுத்து இறுகிய எரிமலைக் குழம்பின் மேல் இகுவானாக்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன, ஒன்றன்மேல் ஒன்று கால் போட்டுக்கொண்டு. பாறை நிறமும் அதுவும் ஒன்றே, பார்த்து மிதிக்கவேண்டும். கடலில் முங்கிப் பாசி தின்னும் பல்லி இனம் உலகத்தில் இது மட்டும்தான். உள்ளே போன உப்பை மூக்கு வழியாகத் தும்மித் தள்ளுகிறது. தும்மியதில் பாதி அதன் தலையிலேயே விழுந்து வெள்ளையாகக் காய்ந்திருக்கும். மீதி என் பேன்ட்டில். இரண்டு மீட்டர் சட்டம் நமக்குத்தான், அவற்றுக்கு இல்லை. கடல் சிங்கக் குட்டி ஒன்று நேரே வந்து என் செருப்பை மோந்துவிட்டுப் போனது. நான் அசையாமல் நின்றேன்.

பறக்காத நீர்க்காகம் ஒன்றும் பார்த்தேன். உலகத்திலேயே ஃபெர்னான்டினாவிலும் பக்கத்து இசபெலாவிலும் மட்டும்தான் இருக்கிறது. சிறகு சின்னதாகக் குட்டையாகி, பிய்ந்துபோன குடைத்துணி போலத் தொங்குகிறது. இருந்தாலும் தண்ணீரைவிட்டு ஏறியதும் அதை விரித்துக் காயவைக்கத் தவறுவதில்லை! ஆண் பறவை வாயில் ஒரு கொத்து கடற்பாசியைக் கொண்டுவந்து கூட்டில் இருந்த பெண் முன்னால் வைத்தது. அவள் வாங்கி, அது பிடிக்காததுபோல இரண்டு தடவை இடம் மாற்றி வைத்தாள். நம் வீட்டில் காய்கறிப் பை வந்து இறங்கும் காட்சியை அம்மாவுக்கு ஞாபகப்படுத்தவும்.

பறக்கவேண்டிய அவசியமே அதற்கு இல்லை. கரையில் துரத்த எதுவும் கிடையாது, கீழே மீன் கொட்டிக் கிடக்கிறது. கடலுக்கடியில் மேற்கிலிருந்து ஓடிவரும் ஒரு குளிர்ந்த நீரோட்டம் இந்தத் தீவுகளில் முட்டி மேலே எழும்புகிறது, அதோடு சத்தும் மேலே வருகிறது. பூமத்திய ரேகையிலே பென்குயின் இருப்பதும் அதனால்தான். முழங்கால் உயரம்கூட இல்லை, எங்கள் படகைத் தாண்டி ஓடிப்போய் மீன் பிடித்தது. இசபெலாவின் வடக்கு முனையைச் சுற்றும்போது கேப்டன் எங்களை மேலே கூப்பிட்டு, கருவியில் அட்சரேகை எண்கள் குறைந்து குறைந்து சைபர் ஆனதைக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை, வாராவாரம் பார்க்கிறவர்.

ஃபெர்னான்டினா 2024 மார்ச்சில் கூட வெடித்தது. இசபெலாவில் வோல்ஃப் எரிமலை 2022-இல். பூமிக்கடியில் நெருப்பு ஓரிடத்திலேயே இருக்கிறதாம், அதன்மேல் இருக்கும் தரைத்தட்டு கிழக்குப் பக்கமாக நகர்ந்துகொண்டே போகிறதாம். அதனால் மேற்கே இருக்கும் தீவுகள் இளையவை, கிழக்கே போகப் போக மூத்தவை, தேய்ந்தவை. உர்பினா என்ற விரிகுடாவில் 1954-இல் கடலடி திடீரென்று நாலைந்து மீட்டர் உயர்ந்து கரையாகிவிட்டது. இன்றும் பவளப்பாறைகள் புதர்களுக்கு நடுவே வெயிலில் கிடக்கின்றன. நான் நின்ற இடம் அப்பா பிறந்த சமயத்தில் மீன் ஓடிய இடம் என்று டீச்சரம்மாவிடம் சொன்னேன். "உங்கள் அப்பா அவ்வளவு சின்னவரா" என்றார்.

உங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கக்கூடிய இடம் டாகஸ் என்ற சின்ன வளைகுடா. செங்குத்துப் பாறை முழுக்கக் கப்பல் பெயர்கள், வருஷத்தோடு. 1836 என்றுகூட ஒன்று இருக்கிறது. திமிங்கிலம் பிடிக்க வந்தவர்கள் எழுதிவைத்தது. அவர்கள்தான் ராட்சத ஆமைகளைத் தூக்கிப்போனவர்கள். ஒரு வருஷம் வரை தீனி, தண்ணீர் இல்லாமல் உயிரோடு கிடக்கும் என்பதால், கெடாத இறைச்சி என்று சரக்கறையில் மல்லாக்கப் போட்டு அடுக்கினார்களாம். ஒரு லட்சத்துக்கும் மேலே போயிருக்கும் என்கிறார்கள். பயப்படத் தெரியாத பிராணியைப் பிடிக்க வலைகூட வேண்டாமே. வழிகாட்டி இதைச் சொன்னபோது கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை, கேமராக்காரர்கள் உட்பட.

அவரே இன்னொன்றும் சொன்னார். 2001 ஜனவரியில் ஜெசிக்கா என்ற எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்டோபல் தீவுக்குப் பக்கத்தில் தரைதட்டியது. அதில் இருந்த எண்ணெயில் ஒரு பகுதி சுற்றுலாக் கப்பலுக்காகக் கொண்டுவந்ததாம். காற்றும் நீரோட்டமும் பெரும்பாலானதை இழுத்துப் போய்விட்டன, அப்பாடா என்று இருந்தார்கள். ஆனால் அடுத்த ஒரு வருஷத்தில் சான்டா ஃபே தீவில் இகுவானாக்கள் ஏராளமாகச் செத்தன. அதற்கப்புறம் எங்கள் எஞ்சின்காரரின் பனியன் வேஸ்ட்டுக்கு ஒரு மரியாதை கொடுத்தேன்.

எஞ்சின்காரர் அந்தத் தீவுகளில் வாழ்வதே கல்யாணத்தால் கிடைத்த உரிமை. 1998 சட்டத்துக்கு அப்புறம் ஈக்வடார்க்காரரே ஆனாலும் நினைத்தபடி அங்கே குடியேற முடியாது. தாத்தா திருநெல்வேலியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு தாதரில் வந்து இறங்கியபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் எல்லாக் காகிதமும் கொடுத்து இந்த நாட்டுக்கு வந்தவள்தான், அதனால் இந்தச் சட்டத்தைக் கேட்டதும் முதலில் முகம் சுளித்தேன். அந்தத் தீவுகளைப் பார்த்தபின் சட்டம் சரிதான் என்று படுகிறது. ஆனால் மும்பைக்கு அப்படி ஒன்று போடவேண்டும் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும். இரண்டுமே உண்மை.

ஃப்ளோரியானா தீவில் ஒரு உப்பேரியில் பூநாரை பார்த்தோம். ஏழெட்டுதான். கலாபகோஸ் முழுக்கவே சில நூறுதான் இருக்கும். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மும்பையில் சிவ்ரி ஸ்டேஷனில் இறங்கி, எண்ணெய் டாங்கிகளைத் தாண்டி, சேற்று நாற்றத்தில் ஆயிரக்கணக்கில் பார்த்தவள் நான் என்று சொன்னேன். நம்பவில்லை. அடல் சேது கடல் பாலம் வந்தபிறகும் அங்கே கூட்டம் வருகிறதா?

அதே தீவில் தபால் பீப்பாய் ஒன்று உண்டு. திமிங்கிலக்காரர்கள் காலத்தில் ஆரம்பித்தது. தபால்தலை கிடையாது. நம் கார்டைப் போட்டுவிட்டு, இருப்பவற்றில் நம் ஊர்ப் பக்கம் போகும் கார்டை எடுத்துப்போய் நேரில் கொடுக்கவேண்டும். கட்டுக் கட்டாகப் புரட்டினேன். பெங்களூரு ஒன்று இருந்தது, மும்பை ஒன்றுகூட இல்லை. கீட்டோ கார்டு ஒன்றை எடுத்துவந்து போன ஞாயிறு கொடுத்தேன். அந்தப் பெரியவர் முதலில் கதவுச் சங்கிலியைக் கழற்றவே இல்லை, அப்புறம் சூப் குடிக்காமல் விடவில்லை. நானும் ஆன்டாப் ஹில் முகவரிக்கு ஒன்று போட்டிருக்கிறேன். யாராவது அட்டையோடு வந்து கதவைத் தட்டினால் சேல்ஸ்மேன் என்று விரட்டிவிடாதீர்கள், காபி கொடுங்கள்.

இப்போது உங்கள் பயணம். முட்டியைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள், தெரியும். சில இடங்களில் படகிலிருந்து முழங்கால் தண்ணீரில் குதிக்கவேண்டும், அது உங்களால் ஆகாது. பாதைகள் நீளமில்லை, ஆனால் பாறை கரடுமுரடு. ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவே கடல் அமைதியாகவும் தண்ணீர் வெதுவெதுப்பாகவும் இருக்குமாம், அப்போது நாலு நாள் கப்பலில் போவோம். அம்மாவுக்குக் கப்பல் ஒத்துவராவிட்டால் சான்டா குரூஸ் தீவில் இருக்கும் புவெர்டோ அயோரா ஊரில் தங்கிக்கொள்ளட்டும். அங்கே மீன் மார்க்கெட்டில் வெட்டுகிற பெண்களுக்குப் பின்னால் ஒரு கடல் சிங்கம் கல்மேடையில் தாடையை வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறது, கூழைக்கடாக்கள் வேறு. ஒரு தடவை கடல் சிங்கம் கழுத்தை நீட்டியபோது வெட்டுகிற பெண் ஒருத்தி முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு, பேரத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அம்மா அரை நாள் அங்கேயே நிற்பாள்.

தம்பியிடம் இரண்டு பேர் பாஸ்போர்ட்டிலும் தேதி பார்க்கச் சொல்லுங்கள். இங்கிருந்து இந்தியா திரும்பும்போது எல்லோ ஃபீவர் ஊசி போட்ட அட்டை கேட்பார்கள், இல்லாவிட்டால் ஏர்போர்ட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். அறுபது தாண்டியவர்களுக்கு அந்த ஊசி போடலாமா என்று நம் டாக்டரிடம் முதலில் கேளுங்கள், அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள். விசா வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். பருப்புப்பொடி இன்னும் ஒரு கிலோ, வரும் ஆளிடம் கொடுத்துவிடவும்.

அன்பு மகள்,
செல்வி