அண்டாவும் அசரியாவும்

அன்பு மாப்ளைக்கு,

ஸ்தோத்திரம். தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே அம்மாவுக்குக் காது குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. ‘ஆமென்’ சித்தப்பா இன்னும் பிரசங்கத்தில் தப்பான இடத்தில்தான் சொல்கிறார். மற்றபடி சுகம். பதில் போடவில்லை என்று நீ திட்டியதெல்லாம் வந்து சேர்ந்தது.

இப்போது உட்கார்ந்து எழுதக் காரணம் ஓர் அண்டா. சிரிக்காதே.

மேலத்தெரு அக்கா, முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனாளே, அவள் இப்போது பெரியாஸ்பத்திரி வாசலில் தினமும் காலையில் கஞ்சி ஊற்றுகிறாள். நோயாளிக்கு உள்ளே ரொட்டியும் பாலும் கிடைத்துவிடும். துணைக்கு வந்து வராந்தாவில் படுத்துக் கிடப்பவர்களை யார் கேட்கிறார்கள்? தூக்குவாளியோடு வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கஞ்சியும் காணத்துவையலும். நான் போய்ப் பார்த்தேன். எந்த ஊர், யாருக்கு என்ன நோய் என்று கேட்கிறாளே தவிர பிரசங்கம் கிடையாது. கடைசியில் அடிக்கஞ்சியை வழித்துத் தனக்கு ஊற்றிக்கொள்கிறாள். துவையல் தீர்ந்துபோனால் உப்புக்கல்.

அரிசி கொடுப்பது கத்தோலிக்கர்கள். வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் மாதா மாதம் மூட்டை இறக்கிவிடுகிறார்கள். விறகு ஒரு ராவுத்தர் கடையிலிருந்து வருகிறது. கூட்டம் கூடிப்போய் அவளுடைய அலுமினியச் சட்டி போதவில்லை. நம் கோயிலில் எல்லாருக்கும் சமைத்துப் போடும் அசன அண்டாக்களில் ஒன்றைக் கேட்டு, குருவானவர் ஐயரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தாள். அவை அசனப் பண்டிகைக்கு வெளியே வரும், மறுநாள் உள்ளே போகும். வருஷம் பூராவும் அதில் எலிதான் குடியிருக்கிறது.

அதற்குக் கமிட்டியில் நடந்த சண்டையை நீ பார்த்திருக்க வேண்டும். “நம்மை விட்டுப் போனவளுக்கு நம் அண்டாவா?” என்று ஆரம்பித்தது. இன்றைக்கு அண்டா, நாளைக்கு ஆட்களையும் கூட்டிக்கொண்டு போவாள் என்றார் ஒருவர். பொருளாளர் தணிக்கை ஆட்சேபணை என்று பயமுறுத்தினார். நான் மாற்கு 9-ஐ எடுத்தேன். நம்மோடு சேராத ஒருவன் உம்முடைய பெயரில் பிசாசுகளைத் துரத்துகிறான், அவனைத் தடுத்தோம் என்று யோவான் வந்து சொல்ல, தடுக்காதே என்கிறாரே ஆண்டவர், அந்தப் பகுதி. “பிசாசைத் துரத்த அண்டா எதற்கு?” என்றார் ‘ஆமென்’ சித்தப்பா. கமிட்டியே சிரித்தது. விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

அன்று ராத்திரி உங்கள் தரங்கம்பாடிதான் எனக்கு நினைவு. 1919 மே மாதம் சபைகளை ஒன்றாக்குவது பற்றிப் பேச அங்கே கூடிய 33 பேரில் இரண்டு பேர் தவிர எல்லாரும் இந்தியர்கள். நம் வெள்ளாளன்விளை பிஷப் அசரியா அதில் இருந்தார். இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து எங்கள் தலையில் ஏற்றினார்கள், இவற்றைத் தொடர எங்களுக்கு விருப்பமில்லை என்று அறிக்கை விட்டார்கள். அதற்கப்புறம் 28 வருஷம் பேச்சுவார்த்தை. பிஷப் கை வைத்து அபிஷேகம் பண்ணாத குருவானவரை ஏற்கலாமா கூடாதா என்பதே பெரிய வழக்கு. 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயிண்ட் ஜார்ஜ் கதீட்ரலில் எங்கள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அசரியா இல்லை. 1945 புத்தாண்டு அன்றே போய்விட்டார். (உங்கள் ஊரில் பேசிய ஒற்றுமையில் உங்கள் லுத்தரன்காரர்கள் ஏன் சேரவில்லை என்று கேட்டதற்காக உன் மாமனார் எனக்கு இரண்டாம் தடவை மீன்குழம்பு ஊற்றாததை நான் மறக்கவில்லை.)

வெள்ளைக்காரன் கொண்டுவந்த பிரிவினை என்று அவர்களால் சொல்ல முடிந்தது. மேலத்தெரு அக்காவுக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற சுவரை எந்தத் துரை கட்டினான்? நாமே கல் சுமந்து கட்டியது.

இன்னொன்றும் உறுத்துகிறது. நம் பையன் ஒருவன் குருத்துவப் படிப்புக்குப் போனால் ஆராதனையில் முன்னால் நிறுத்தி, ஜெபித்து, பணமுடிப்புக் கொடுத்து அனுப்புகிறோம். நர்ஸ் வேலைக்குப் போகிற பெண்ணையோ, காது கேளாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் டீச்சரையோ அப்படி நிறுத்தி என்றைக்காவது பார்த்திருக்கிறாயா? நம் பெரியவர்கள் 1903-ல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்று வைத்தார்கள். தெலுங்கு தேசத்துக்கு, தோர்ணக்கல்லுக்குப் போனவர்கள் சிலர்தான். போகாதவர்கள் இங்கிருந்து தாங்கினார்கள். என் ஆச்சி உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவாள். அது எந்த ஊரில் யாருக்குப் போகிறது என்று அவளுக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை.

சரி, உன் கதைக்கு வருகிறேன். ரிட்டயர் ஆகிவிட்டேன், பிரசங்கம் வராது, பாட்டு வராது, ஆண்டவருக்கு நான் எதற்கும் லாயக்கில்லை என்று போன கடிதத்தில் புலம்பியிருந்தாய். பாட்டு வராது என்பதற்கு ஹாஸ்டலே சாட்சி. ஆனால் ஏலே, பேங்கில் பத்துப் பைசா உதைத்தால் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவன் நீ. அக்காவின் வரவுசெலவு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. யார் கொடுத்தது, எங்கே போனது என்று நாளைக்கு எவனாவது கேட்டால் அவளிடம் பதில் இல்லை. கேட்கிறவர்களும் கிளம்பிவிட்டார்கள். நீ வா. அவள் ஒரு சபை, நான் ஒரு சபை, நீ வேறு சபை. உன் கணக்கை யாரும் கட்சிக் கணக்கு என்று சொல்ல மாட்டான். என் வீட்டில் தங்கி ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்து, எழுதவும் அவளுக்குச் சொல்லிக்கொடு.

அண்டா விவகாரத்தை அம்மா முடித்துவிட்டாள். கமிட்டி தள்ளிப்போட்டது காதில் விழுந்ததும் கைத்தடியோடு கோயிலுக்குப் போய், கோயில் வேலை பார்க்கும் கோயில்குட்டியைக் கொண்டு ஸ்டோர் ரூமைத் திறக்கச்சொல்லி, ஒவ்வோர் அண்டாவின் கழுத்தையும் விரலால் தடவிப் பார்த்திருக்கிறாள். அவளுடைய அய்யா பெயர் வெட்டியது அகப்பட்டதும், “இது ஆண்டவருக்குக் கொடுத்தது, கமிட்டிக்கு இல்லை” என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். ஐயர் அந்நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாராம். நல்ல மனுஷன்.

ஒரே சிக்கல், அது பித்தளை. உள்ளே ஈயம் சுத்தமாகப் போய்விட்டது, கஞ்சி வைத்தால் களிம்பேறும். இங்கே தேடியவரை ஈயம் பூச ஆள் அகப்படவில்லை. கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளில் விசாரி. நூறு பேருக்குக் கஞ்சி கொள்கிற அண்டாவுக்கு என்ன கேட்கிறார்கள், எத்தனை நாளாகும் என்று உடனே எழுது. பார்சல் லாரியில் போட்டுவிடுகிறேன். வரும்போது நீயே கொண்டுவந்தால் திரும்பி வரும் கூலி மிச்சம்.

அன்புடன்,
உன் மச்சான்