துண்டு வெட்டும்போது கைவேலையையும் சொல்லித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வருடம் என் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது கையும் காலும் வழங்காமல் போய்விட்டன. கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் 12 நாள் வைத்திருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். மருந்து, கிளினிக் திகதி எல்லாம் ஒழுங்காக எழுதித் தந்தார்கள், அதில் குறை இல்லை. ஆனால் ஆளை எப்படி எழுப்புவது, எப்படித் திருப்புவது, எப்படி ஊட்டுவது என்பதைச் சிங்களத்தில் இரண்டு நிமிடம் வேகமாகச் சொன்னதோடு சரி. அந்தக் கட்டிலுக்கு அடுத்த நோயாளி ட்ரொலியில் காத்திருந்தார், தாதி மிஸ்ஸையும் நான் என்ன சொல்ல.

வீட்டுக்கு வந்து நானும் தம்பியும் பாசத்தில் செய்ததெல்லாம் பிழை. எழுப்புவதற்கு வழங்காத கையைத்தான் பிடித்து இழுத்தோம். தசை இறுக்கிப் பிடிக்காத தோள்மூட்டு அப்படி இழுத்தால் நழுவும் என்று யாருக்குத் தெரியும்? அம்மா மாதக்கணக்கில் தோள்வலியில் அனுங்கினார். சாய்ந்து படுத்தபடியே கஞ்சி பருக்கினோம், புரைக்கேறினால் தலையில் தட்டினோம். இடுப்பில் சிவந்திருந்த இடத்தை எண்ணெய் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டோம். அது படுக்கைப்புண்ணின் தொடக்கம், தேய்க்கவே கூடாதாம்.

அப்புறம்தான் ஒரு பராமரிப்பாளர் வகுப்பில் சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லோரும் இஸ்ரேல், ஜப்பான் போவதற்காக என்.வி.கியூ. என்ற தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்க வந்த பிள்ளைகள். வீட்டுக் கட்டிலுக்காகப் போனவள் நான் ஒருத்திதான். பாடம் சிங்களத்தில், என்னால் ஒரு மாதிரிச் சமாளிக்க முடிந்தது. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும், குதிக்கால் மெத்தையில் அழுந்தாமல் தலையணை வைக்க வேண்டும், நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், சாப்பிட்டு அரை மணித்தியாலம் படுக்க விடக்கூடாது, வழங்காத பக்கக் கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர்கூடச் சுவாசக்குழாய்க்குள் போய் நியூமோனியாவில் கொண்டுபோய் விடும். கதிரையை நல்ல பக்கமாகப் போட்டுத்தான் கட்டிலில் இருந்து மாற்ற வேண்டும். சட்டை போடும்போது வழங்காத கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். இவ்வளவுதான் விஷயம், ஆனால் கையால் செய்து பார்க்காமல் வராது.

எனக்கு உறைத்தது இன்னொன்று. அம்மாவின் வலது கை நன்றாகத்தான் இருந்தது, நாங்கள்தான் பாவம் என்று மூன்று நேரமும் ஊட்டி அந்தக் கையையும் சும்மா வைத்திருந்தோம். முகம் கழுவ அவருக்கு இருபது நிமிடம் எடுத்தால் இருபது நிமிடமும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், கை போடக்கூடாது என்று வகுப்பில் சொன்னார்கள். நம்மட வீடுகளில் இது சரியான கஷ்டம். வருகிற சொந்தக்காரர் எல்லாம் ‘ஏன் பிள்ளை, மனுசியைப் போட்டு வதைக்கிறாய்’ என்றுதான் கேட்பார்கள்.

பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக்கூடாது என்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சரி, கைவிடவில்லை, ஆனால் எப்படிப் பார்ப்பது என்று எங்கே படிப்பது? பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற எத்தனையோ வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் மலையகத்திலிருந்து வந்த பெண்கள்தான் இரவு பகலாக நோயாளியைப் பார்க்கிறார்கள். தூக்கும் முறை தெரியாமல் தூக்கி அவர்களுடைய முதுகும் போகிறது, அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

பெரிய திட்டம் ஒன்றும் கேட்கவில்லை. துண்டு வெட்டுவதற்கு முந்தின இரண்டு நாளும், நோயாளியைப் பார்க்க விடும் மாலை நேரத்தில், வீட்டில் பார்க்கப்போகிற ஆளைக் கட்டிலடியில் நிறுத்தி, தமிழில் சொல்லி, அவர் கையாலேயே செய்ய வையுங்கள். வைத்தியசாலைக்கு ஆள் பற்றாதென்றால் கோயில் மண்டபங்களாவது, சனசமூக நிலையங்களாவது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வகுப்பு வைக்கலாம். எங்கள் பக்கத்தில் யாராவது இடமும் ஒரு கட்டிலும் தந்தால், எனக்குத் தெரிந்ததைக் காட்டித்தர நான் வருவேன். நோயாளியாகப் படுப்பதற்குத் தம்பி இருக்கிறான்.

வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6