ஆலோசகர்னு யாரைச் சொல்றீங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரிட்டயர் ஆனவங்க பணத்தை எங்க போடலாம்னு போன ஞாயித்துக்கிழமை ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, விஷயம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கருத்து சொன்ன எல்லாருக்கும் பேருக்குக் கீழ "நிதி ஆலோசகர்"னு ஒரே மாதிரி போட்டிருந்தீங்க பாருங்க, அதுக்காகத்தான் இதை எழுதறேன்.

எங்கம்மா டீச்சரா இருந்து 2019ல ரிட்டயர் ஆனாங்க. பணம் அக்கவுண்ட்ல ஏறின மறுவாரமே பேங்க்ல இருந்து ஒரு தம்பி வீட்டுக்கே வந்துட்டார். கார்டுல நிதி ஆலோசகர்னு இருந்துச்சு. "உங்க பையன் மாதிரி நெனச்சுக்கோங்கம்மா"ன்னு சொல்லி ஃபார்மை எடுத்து வச்சாரு, கையெழுத்து போட வேண்டிய இடத்துலெல்லாம் முன்னாடியே பென்சில்ல சின்னதா டிக் அடிச்சிருந்துச்சு, முப்பது வருஷம் பிள்ளைங்க பேப்பரை ஒரு எழுத்து விடாம படிச்சு திருத்தினவங்க, அன்னிக்கு எதையும் படிக்காம டிக்கைப் பாத்து பாத்து போட்டுட்டாங்க. ரெண்டு லட்சம். டெபாசிட்னு நெனச்சுட்டு இருந்தோம். அடுத்த வருஷம் பிரீமியம் கட்டச் சொல்லி எஸ்எம்எஸ் வந்தப்பதான் தெரியுது, அது வருஷா வருஷம் கட்டற யூலிப் பாலிசி, அதாவது இன்சூரன்ஸும் சந்தை முதலீடும் கலந்தது. வேணாம்னு திருப்பிக் குடுக்க அப்ப 15 நாள் டைம் இருந்துச்சு (இப்ப 30 நாள்), அது எப்பவோ முடிஞ்சிருச்சு. கட்டாம நிறுத்தினாலும் அஞ்சு வருஷம் முடியற வரைக்கும் பணம் கைக்கு வராதுன்னுட்டாங்க. அதே வருஷம் அம்மாவுக்கு கண் ஆபரேஷன், நகையை வச்சுத்தான் பண்ணோம்.

எங்க தெருவுலயே ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் அண்ணன் இருக்காரு, இருபது வருஷமா வந்து போறவரு. அவர் சொன்னா அம்மா உடனே தலையாட்ட மாட்டாங்க, "உங்களுக்கு இதுல எவ்ளோ வரும்?"னு நேரா கேப்பாங்க, அவரும் மறைக்காம சொல்லுவாரு. ஏஜென்ட்னு தெரிஞ்சா நம்ம ஆளுங்க ஜாக்கிரதையா இருப்பாங்க. சந்தையில மாட்டுத் தரகர் தரகுக்காகத்தான் பேசறாருன்னு எல்லாருக்கும் தெரியும், அதுல அவருக்கு ஒரு அவமானமும் இல்ல. ஆனா ஆலோசகர்னு கார்டு நீட்டினா அம்மாவுக்கு அந்தக் கேள்வியே வாயில வரல. ஆலோசனைன்னா நம்ம பக்கத்துல உக்காந்து யோசிச்சு, தப்பா இருந்தா "வேண்டாம், போடாதீங்க"ன்னு இடிச்சு சொல்றது. நாம வேண்டாம்னு சொன்னா சம்பாத்தியம் போற நிலைமையில இருக்கறவரு அப்படி எப்படிங்க சொல்லுவாரு?

சட்டத்துலயே இது பிரிச்சுதான் இருக்கு. பங்குச் சந்தையைக் கண்காணிக்கற செபி 2013ல முதலீட்டு ஆலோசகர்களுக்குன்னு தனி விதி கொண்டு வந்துச்சு, பதிவு பண்ணவங்களுக்கு ஐஎன்ஏன்னு ஆரம்பிக்கற நம்பர் இருக்கும், அவங்க ஃபீஸ் நம்மகிட்டதான் வாங்கணும், ஆலோசனை சொல்ற ஆளுக்கே ஃபண்டை வித்து கமிஷன் எடுக்கக் கூடாது. மியூச்சுவல் ஃபண்ட் விக்கறவங்க விநியோகஸ்தர், அவங்களுக்கு ஏஆர்என் நம்பர். 2020ல வந்த திருத்தத்துல விநியோகஸ்தர்கள் வெல்த் அட்வைசர்னெல்லாம் பேர் போட்டுக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டாங்க. ஆனா இன்சூரன்ஸ் பக்கம் வந்தா ஏஜென்ட்டையே அட்வைசர்னுதான் கூப்பிடறாங்க. சாதாரண ஜனங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

விக்கறவங்க எல்லாரும் மோசம்னு நான் சொல்லவே இல்ல, எங்க ஏஜென்ட் அண்ணன் மாதிரி தங்கமானவங்க நெறைய பேர் இருக்காங்க, ஃபீஸ் குடுத்து ஆலோசனை கேக்கற பழக்கமும் நம்மகிட்ட கம்மிதான், அதையும் ஒத்துக்கறேன். மியூச்சுவல் ஃபண்ட்ல விக்கறவருக்கு கமிஷன் போற ரெகுலர் பிளானுக்கும் நாமே நேரா வாங்கற டைரக்ட் பிளானுக்கும் செலவுல ஒரு பர்சென்ட் வித்தியாசம்னாலே பத்து லட்சத்துக்கு வருஷம் பத்தாயிரம், அதுவும் நம்ம பணம்தானே, ஆனா அது தனியா பில்லா வர்றதில்ல, அதனால இலவசமா சொல்றாருன்னு நெனச்சுக்கறோம்.

உங்ககிட்ட கேக்கறது இதுதான் சார். அடுத்த தடவை இந்த மாதிரி பக்கம் போடும்போது பேருக்குக் கீழ செபியில பதிவு பண்ண ஆலோசகரா, விநியோகஸ்தரா, இன்சூரன்ஸ் ஏஜென்ட்டான்னு கேட்டு அப்படியே போடுங்க, நம்பரோட. எங்கம்மா இப்பவும் உங்க பேப்பரைத்தான் காலையில முதல்ல எடுத்து படிக்கறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈரோடு