கடல் ஏறும் வேளையில் பறவைகளுக்கு இடம் விடுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை நீளும் பினாங்கின் செபராங் பிறைக் கடலோரத்துக்கு, விடுமுறை நாள்களில் நடக்கவும் தூண்டில் போடவும் படமெடுக்கவும் பலர் வருகின்றனர். நானும் வருகிறவன்தான். பிள்ளைகளைக் கைப்பேசியிலிருந்து பிரித்து அழைத்து வர இதைவிட நல்ல இடம் எங்கள் பக்கத்தில் இல்லை. ஆனால் நாம் வரும் நேரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வற்றிய கடலில் சேறுதானே இருக்கும் என்று எண்ணி, நீர் ஏறிக் கரையைத் தொடும் வேளையைத்தான் நம்மில் பலர் தேர்ந்தெடுக்கிறோம். பறவைகளுக்கோ அதுதான் நெருக்கடியான வேளை. சைபீரியா போன்ற வடபுலங்களிலிருந்து வந்து, செப்டம்பர் தொடங்கி மார்ச் வரை இங்கே தங்கும் உள்ளான், கோட்டான் (ஆந்தையல்ல, வளைந்த அலகுள்ளது) முதலிய கரைப்பறவைகள், நீர் வடிந்த சேற்றில் புழுவையும் சிறு நண்டையும் தேடித் தின்கின்றன. நீர் ஏறியதும் மேய இடமின்றி, எஞ்சிய மணல் திட்டிலும் சதுப்புநிலக் காட்டின் ஓரத்திலும் நெருங்கி நின்று ஓய்வெடுக்கின்றன. அப்போது விரட்டப்பட்டால், வடக்கே திரும்பிச் செல்லச் சேர்த்து வைக்கும் கொழுப்புதான் கரைகிறது. உலக அளவில் முக்கியப் பறவைப் பகுதியாக அறியப்பட்ட கடலோரம் இது. அழிவை எதிர்நோக்கும் நோர்ட்மன் பச்சைக்காலி என்னும் கரைப்பறவையும் இங்கு வந்து போகிறது.

கடந்த டிசம்பரில் ஒரு ஞாயிறு காலை, நூற்றுக்கும் மேற்பட்ட பறவைகள் ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகு இறகுக்குள் செருகி உறங்கிக்கொண்டிருந்தன. இளைஞர் சிலர் அவற்றின் தலைக்கு மேலே டிரோனைப் பறக்கவிட்டனர். முழுக் கூட்டமும் எழுந்து, வட்டமிட்டு, இறங்கி, மறுபடி எழுந்தது. அரை மணி நேரத்தில் ஆறு முறை எண்ணினேன். அந்தப் பிள்ளைகள் மீது எனக்குக் கோபமில்லை. எடுத்துச் சொல்ல நாங்கள் நின்ற இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகைகூட இல்லை.

மாநகர் மன்றம் அங்கே தமிழையும் சேர்த்துப் பலகைகள் வைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். கடல் ஏறும் நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போவதால், நிரந்தரமாக ஒரே நேரத்தை எழுதி வைப்பதில் பயனில்லை; வாரந்தோறும் மாற்றும் அட்டவணை வேண்டும். நீர் மிக உயர ஏறும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களை அதில் தனியே குறிக்க வேண்டும். நீர் உச்சத்தில் இருக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம், பறவைகள் தங்கும் திட்டுகளின் அருகே டிரோனும் மோட்டாரும் அவிழ்த்துவிட்ட நாயும் வேண்டாம். மற்றபடி கடற்கரையை மூடச் சொல்லவில்லை.

பிள்ளைகளோடு வரும் பெற்றோரும் ஆசிரியர்களும் நீர் இறங்கத் தொடங்கிய பின் வந்து பாருங்கள். சேற்றில் கால் வைக்கத் தேவையில்லை. இடுப்பளவு புதையும் இடங்களும் உண்டு. கோட்டான் தன் வளைந்த நீள அலகை அடிவரை செருகி நண்டை இழுத்தெடுப்பதைக் கரையில் நின்றபடியே பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த் வாசகர்