ஆண்டறிக்கை: ஐசியுவில் கிடக்கும் நம் பிள்ளைகள்

சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். சந்தா, திருவிழாப் பந்தல், பள்ளிக்கு நோட்டு கொடுத்தது எல்லாம் வழக்கம்போல நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் ஒரே ஒரு விஷயத்தை, ஐசியுவில் கிடக்கும் பிள்ளைகளுக்கு வரும் மனக்குழப்பத்தைப் பற்றி, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பாம்பனில் நம் உறுப்பினர் ஒருவரின் நாலு வயது மகளுக்கு நிமோனியா முற்றி, 150 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி மதுரைக்குக் கொண்டுபோய் வென்டிலேட்டரில் வைத்தார்கள். குழாயை எடுத்தபின் காய்ச்சல் இறங்கியது, மூச்சும் சீரானது, ஆனால் பிள்ளை அம்மா முகத்தையே பார்க்கவில்லை, பகலெல்லாம் சுவரை வெறித்துக்கொண்டு கிடந்தாள், ராத்திரியானால் போர்வையைப் பிய்த்து "நண்டு ஏறுது, நண்டு ஏறுது" என்று அலறினாள். அம்மா போய்ச் சொன்னால் "இப்ப அமைதியாத்தானே இருக்கா" என்றார்கள். ஊரில் அப்பத்தா காத்துக் கருப்பு என்று பயந்து கயிறு மந்திரித்து அனுப்பினார். இரண்டு நாள் கழித்துத்தான் ஒரு டாக்டர் நின்று கேட்டார். இந்தக் குழப்பத்துக்குப் பேர் டெலிரியம் என்றார்.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் நின்றபோது, அப்பாமார்களும் வரட்டும் என்று, ஒரு குழந்தை மருத்துவரை அழைத்துக் கூட்டம் போட்டோம். அவர் சொன்னது இதுதான்: கடும் நோயில் மூளை கொஞ்ச காலம் தடுமாறுகிறது, பைத்தியமும் இல்லை, பேயும் இல்லை. திடீரென்று வரும், ஒரே நாளில் கூடும் குறையும். 2 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கும், வளர்ச்சி பிந்திய குழந்தைக்கும், வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். கத்துகிற பிள்ளையை எல்லோரும் பார்ப்பார்கள், சுருண்டு கிடக்கிற பிள்ளையைத்தான் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இதற்கென்றே 2014-ல் வெளிவந்த கார்னெல் அளவுகோல் இருக்கிறது. கண்ணைப் பார்க்கிறதா, சுற்றி நடப்பது தெரிகிறதா, தேற்றினால் அடங்குகிறதா என்பதுபோல 8 கேள்விகள், ஷிஃப்டுக்கு ஒருமுறை நர்ஸ் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவார், கூட்டினால் 9 அல்லது அதற்கு மேல் போனால் டெலிரியம் என்று சந்தேகிக்க வேண்டும்.

அப்புறம் காரணத்தைத் தேட வேண்டும்: கிருமித்தொற்று, ஆக்சிஜன் குறைவு, வலி, தூக்கமின்மை, மருந்து. மிடாசோலம் போன்ற மயக்க மருந்துகள் டெலிரியம் வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. அதற்காக நாமே போய் நிறுத்தச் சொல்லக் கூடாது, சட்டென்று நிறுத்தினாலும் கெடுதல்தான். "குறைக்க முடியுமா டாக்டர்" என்று கேட்கலாம். ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்தை எல்லாப் பிள்ளைக்கும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்பதே 2022-ல் வந்த வழிகாட்டல். முக்கியமான வைத்தியம் ரொம்பச் சாதாரணமானது: ராத்திரி விளக்கையும் சத்தத்தையும் குறைப்பது, பகலில் வெளிச்சம், முடிந்த அளவு உட்கார வைப்பது, கண்ணாடியோ காது மெஷினோ இருந்தால் மாட்டிவிடுவது, அம்மா பக்கத்தில் இருப்பது.

அந்தப் பிள்ளைக்கு அம்மாவைப் பகலில் உட்கார விட்டார்கள், அப்பா குரலைப் போனில் பதிந்து போட்டுக் காட்டினார்கள். நாலாம் நாள் "அப்பா கடலுக்குப் போயிட்டாரா?" என்று கேட்டாளாம். அம்மா அதைக் கூட்டத்தில் சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

வரும் வருடத்துக்கு இரண்டு வேலை. ஐசியுவில் பெற்றோரில் ஒருவரை உள்ளே இருக்க விடும்படி மருத்துவமனைகளுக்கு மனு எழுதியிருக்கிறேன், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். இரண்டாவது, சங்க அலுவலகத்தில் ஒரு பை வைக்கிறோம். இந்த எட்டுக் கேள்வியும் தமிழில் அச்சடித்த தாள், குரல் பதிந்து போட ஒரு சின்ன போன் அதில் இருக்கும். பிள்ளையின் பழைய போர்வையை நீங்கள் வீட்டிலிருந்து எடுத்து வையுங்கள். ஆம்புலன்ஸ் ஏறும்போது ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடுங்கள், சாவி என்னிடம்தான் இருக்கிறது.