ஐந்து நட்சத்திரப் பெட்டியும் அதன் அளவும்: ஒரு புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், பொன்மலை, திருச்சி.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: அமெரிக்க பாக்ஸ் கார் (மூடிய சரக்கு ரயில்பெட்டி) மாடல்கள் இரண்டு. அளவு விகிதத்தைத் தவறாகச் சொல்லி விற்றது, பணத்தைத் திருப்பிக் கேட்பது குறித்து.

ஐயா,

தங்களிடம் வாங்கிய, அசலில் 40 அடி நீளமுள்ள பாக்ஸ் கார்களின் மாடல்கள் இரண்டும் கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தன. பேக்கிங்கைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே இருந்த பொருளுக்கும் அதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததற்கும் பொருத்தம் இல்லை என்பதுதான் என் புகார்.

"இரண்டும் ஜி ஸ்கேல், ஒரே ரயிலில் கோத்து ஓட்டலாம்" என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். கூடவே ஓர் ஒப்பீட்டு அட்டவணை. அதில் 'அசல் தோற்றம்' என்ற வரியில் மலிவான பெட்டிக்கு மூன்று நட்சத்திரம், விலை கூடிய பெட்டிக்கு ஐந்து.

பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஐந்து நட்சத்திரப் பெட்டி மற்றதைவிட நாலு சென்டிமீட்டர் நீளம் கூடுதல், ஒன்றரை சென்டிமீட்டர் உயரம் கூடுதல். அசலில் இரண்டும் ஒரே வகை வண்டி. அளந்து பார்த்ததில் சிறியது 1:32 (அசலில் 32இல் ஒரு பங்கு), பெரியது 1:29. 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடுவதையெல்லாம் ஜி என்று சொல்லிவிடுகிறார்கள். 1968இல் ஜெர்மனியின் எல்ஜிபி என்ற மாடல் ரயில் நிறுவனம் அதே தண்டவாளத்தில் மீட்டர் கேஜ் வண்டிகளை 1:22.5 விகிதத்தில் கொண்டுவந்தது. ஆகவே ஜி என்பது தண்டவாளத்தைச் சொல்லுமே தவிர வண்டியின் விகிதத்தைச் சொல்லாது. 45ஐ 32ஆல் பெருக்கினால் 1,440. அமெரிக்க ரயில்பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். 29ஆல் பெருக்கினால் 1,305தான். பெரிய பெட்டி தன் பாதையைவிடப் பருத்து நிற்பதன் காரணம் இதுதான். 1:29இல் பலர் விரும்பி ஓட்டுகிறார்கள், அது அவரவர் இஷ்டம். விகிதத்தைச் சொல்லாமல் விற்பது வேறு விஷயம்.

கோத்து ஓட்டவும் முடியவில்லை. பெட்டிகளை இணைக்கும் கப்ளரின் உயரம் இரண்டிலும் ஒன்றல்ல. மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். நேர்பாதையில் எப்படியோ போகிறது, வளைவில் கப்ளரின் நக்கிள் (பிடிக்கும் கொக்கி) நழுவிப் பின்பெட்டி தனியாக நின்றுவிடுகிறது.

நான் ரயில்வேயில் வேகன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வண்டியைப் பார்த்ததும் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிப்பது எங்களுக்குப் பழக்கம். மலிவான பெட்டியில் கட்டிய ஆண்டு 1957. காலி எடையையும் சுமை வரம்பையும் கூட்டினால் 1,69,000 பவுண்டு வருகிறது. அந்தக் காலத்து 50 டன் வண்டிக்கு அதுதான் சரியான கணக்கு. கூரையில் நடைபலகை, அதுவும் உள்ளே வெளிச்சம் தெரியும் கம்பிவலைப் பலகை. கைப்பிடிக் கம்பிகள் தனித்தனியாகச் செருகியவை. கவிழ்த்துப் பார்த்தால் ஏபி என்ற காற்று பிரேக்கின் வால்வு, காற்றுத் தொட்டி, சிலிண்டர் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. யாரும் கவிழ்த்துப் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்தும் செய்திருக்கிறார்களே, அந்த ஆளுக்கு என் வணக்கம்.

ஐந்து நட்சத்திரப் பெட்டி, பென் சென்ட்ரல் என்ற அமெரிக்க ரயில் கம்பெனியின் பச்சையில் பளபளக்கிறது. கட்டிய ஆண்டு 1974 என்று எழுதியிருக்கிறது. (1970இலேயே திவாலான கம்பெனி, 50 அடிப் பெட்டிகள் வழக்கத்துக்கு வந்துவிட்ட காலத்தில், புது 40 அடிப் பெட்டி வாங்கியதாம்.) அதன் கூரையிலும் நடைபலகை, கூரைவரை ஏணி, உச்சியில் கை பிரேக் சக்கரம். ஆட்கள் கூரைமேல் நடப்பது ஆபத்து என்று 1966 முதல் புதுப் பெட்டிகளில் நடைபலகையை விட்டுவிட்டார்கள். ஏணியும் குட்டையானது, பிரேக் சக்கரமும் கீழே இறங்கியது. போகியில் (சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில்) ரோலர் பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் பழைய எண்ணெய்ப் பெட்டி. 1974இல் ஓடிய வண்டி என்றால் பக்கவாட்டில் வண்டி எண்ணைக் கருவி படிப்பதற்கான கார்ட்ராக் என்ற வண்ணக்கோட்டுத் தகடும் இருந்திருக்கும். 1977இல்தான் அதைக் கைவிட்டார்கள். இங்கே தகடே இல்லை. கைப்பிடிகள் உடம்போடு வார்த்த மேடுகள். அடியில் பிரேக் என்று ஒன்றுமே கிடையாது, ஒரு இரும்புக் கட்டியைத் திருகி வைத்திருக்கிறார்கள். கனமும் பளபளப்பும்தான் ஐந்து நட்சத்திரம் வாங்கித் தந்தன போலும்.

தொலைபேசியில் கேட்டபோது தங்கள் ஊழியர், "விளையாட்டுப் பொருள்தானே சார், இவ்வளவு பார்க்கலாமா?" என்றார். விளையாட்டுப் பொருள் என்று போட்டு விற்றிருந்தால் பார்த்திருக்க மாட்டேன். 'அசல் தோற்றம்' என்று தனி வரி போட்டு, அதற்கு விலையும் கூட்டி வைத்தது நீங்கள்.

பெரிய பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு அதன் முழு விலையையும், திருப்பி அனுப்பும் கூரியர் செலவையும் தர வேண்டும். விற்பனைப் பக்கத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் 1:29, 1:32 என்று விகிதத்தைப் போட வேண்டும். போடும்வரை அந்த அட்டவணையை எடுத்துவிட வேண்டும். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

சிறிய பெட்டியைத் திருப்பித் தருவதாக இல்லை. அதே தயாரிப்பில் வேறு எண் போட்ட வண்டி இருந்தால் தெரிவியுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பில்லில் 1:32 என்று எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், இரண்டு பெட்டிகளையும் அளவுகோலோடு எடுத்த படங்கள், தங்கள் ஒப்பீட்டு அட்டவணையின் அச்சுப் பிரதி.